தோற்றவரின் சாட்சியம்

நீதிமன்றக் கூண்டில் ஏறிநின்று உரைப்பது மட்டுமே சாட்சியம் அன்று. நூலாக எழுதி மக்கள் மன்றத்தின்முன் வைப்பதும் சாட்சியமே. 1969ஆம் ஆண்டில் வெளிவந்த பிரிகேடியர் ஜான் டால்வியின் ‘ஹிமாலயன் பிளண்டர்’ என்னும் ஆங்கில நூல் அத்தகையது.

1962ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், இந்திய வடகிழக்கு எல்லையில் நம்கா சூ ஆற்றங்கரையில் நின்ற ஏழாவது பிரிகேடின் தலைவர் அவர். 20ஆம் நாள் சீனப்படை தாக்கியது. 22ஆம் நாள் அவர் சிறைப்பட்டார். 1963 மே மாதத்தில் விடுதலையானார். பனிமலையில் பருத்தி உடையோடும் பற்றாக்குறையான தோட்டாக்களோடும் தம் வீரர்கள் நிறுத்தப்பட்டதற்குப் பிரதமர் நேருவையும் தற்காப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனையும் அவர் பெயர்சொல்லிப் பொறுப்பாக்குகிறார்.

நீலகிரியின் வெலிங்டன் படைக் கல்லூரியில், திபெத்தில் சீனப்படை புகுந்த 1950ஆம் ஆண்டிலேயே, கல்லூரித் தலைவர் லென்டெய்ன் மாணவ அதிகாரிகளிடம் கொதித்துரைத்த எச்சரிக்கையை டால்வி நினைவுகூர்கிறார். இடித்துரைப்பாரைத் துணைக்கொள்ளுமாறு அரசர்க்கு அறிவுறுத்தியவர் வள்ளுவர். இடித்துரைத்த குரல் பன்னீராண்டுகளாகச் செவியேறாது போன கதையே இந்நூல் எனலாம்.

இதே போரைப் பற்றி, டால்விக்கும் மேலதிகாரியாக இருந்த ஜெனரல் கௌல் 1967இல் ‘தி அன்டோல்ட் ஸ்டோரி’யை எழுதினார். அது தம்மீது விழுந்த பழியைத் துடைக்க முயல்கிறது. டால்வியின் நூலோ மாண்டவர்க்காக வழக்காடுகிறது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

எனினும் குறையொன்று உண்டு. தலைவர்களோடு நில்லாமல், நாடாளுமன்றம், பத்திரிகைகள், படைத்துறை, பொதுமக்கள் என நாடு முழுவதையும் டால்வி குற்றவாளியாக்குகிறார். இது நேர்மையே; ஆயின் எல்லாரும் குற்றவாளிகள் என்னும்போது, ஆணையிட்டவரின் சுமை குறைந்துவிடுகிறது. மேலும், படையைவிட்டு விலகிய பின்னரே அவர் பேசினார்; 1964இல் மறைந்த நேருவால் மறுமொழி கூற இயலவில்லை.

ஆனால் தாமதத்தைக் குறைகூறுமுன் நம் வாழ்வையும் எண்ணிப் பார்க்கவேண்டும். சுங்காய் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தோர் பிரட்டுக் களத்தை மறந்திரார். மேலே துரை, கீழே பால்வெட்டுத் தொழிலாளர், இடையே கிராணியார். ஆணை தவறென அறிந்தும் அதை நிறைவேற்றியாக வேண்டியவர் அவர். வாய் திறந்தால் வேலை மட்டுமன்று, குடியிருக்கும் வீடும் போகும். டால்வியும் அவ்வாறு இடையில் நின்றவரே. இடையில் நிற்பவன் பேசாவிடில், மேலிருப்பவர் எழுதுவதே வரலாறாகிவிடும்.

அத்தோல்வியை ஆராய்ந்து ஹெண்டர்சன் புரூக்ஸ், பகத் ஆகிய படையதிகாரிகள் 1963இல் அளித்த அறிக்கையை அரசு மறைத்தே வைத்தது. 2014இல் நெவில் மாக்ஸ்வெல் என்னும் செய்தியாளர் வழியாக அதன் ஒரு பகுதி வெளியாயிற்று. அரசின் பேழை பூட்டிக் கிடந்த காலமெல்லாம் திறந்திருந்தது தோற்றவர் ஒருவரின் நூல். காலந்தாழ்ந்த சாட்சியம் மாண்டவரை மீட்காது. ஆயினும் அவர்கள்மீது பழி விழாமல் காக்கும். அதற்காகவே இந்நூலைப் படிக்கவேண்டும்.