யானாதியரும் தர்ஸ்டனின் ஏடும்

எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியாவின் சாதிகளும் பழங்குடிகளும்’ நூலைப் பாராட்டாத அறிஞர் அரியர். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் சிறீஹரிக்கோட்டாவின் யானாதியரை அது விரிவாகவே பேசுகிறது. அவர்கள் காட்டில் திரட்டிய சாயவேர் உண்டு, தேன் உண்டு, உடலளவுகளும் உண்டு. அக்காடு எவருடையது என்ற வினா மட்டும் எழவில்லை. திரட்டுவோர் என எழுதப்பட்டவர், உரியோர் என எழுதப்பட்டாரில்லை.

அல்பீரூனி இந்நாட்டைப் பற்றி எழுதப் புகுமுன் சமஸ்கிருதம் பயின்றார். இந்நாட்டார் கொள்கையை அவர்தம் நூல்களைக் கொண்டே உரைத்தார். தர்ஸ்டனோ அளவுகோலோடு சென்றார். (அருங்காட்சியகத் தலைவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது!)

இதனை வெறும் நூற்குறை எனத் தள்ளுவதற்கில்லை. 1969இல் அத்தீவு விண்வெளி ஏவுதளத்திற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, காட்டையே இல்லமாகக் கொண்டோர் எந்தப் பத்திரத்தை நீட்டியிருக்க இயலும்? ஏரியிலும் இடம் எளிதன்று. எவர், எந்நாளில், எவ்விடத்தில் வலையிடலாம் என்பதை மீனவர் ஊர்களின் ‘பாடு’ முறை முன்னரே பங்கிட்டுள்ளது. சேற்றில் தடவி இறால் பிடிக்கும் பழங்குடியினருக்கு அதில் பங்கு இல்லை.