அடைக்கலம் கொடுத்தவரின் கணக்கு

வன்னியில் ‘சரண்’ என்ற சொல்லுக்கு இரண்டு வழக்கு உண்டு. கோயிலில் முழந்தாளிட்டு ஆண்டவரிடம் சரணடைகிறோம் என்று செபிக்கிறோம். 2009 மே மாதம் வட்டுவாகலில் படையினரின் கையில் போய்ச் சேர்ந்தவர்களையும் சரணடைந்தவர்கள் என்றே சொல்கிறோம். சரண் என்றால் புகலிடம். சரணடைபவர் தன் உயிரை இன்னொருவர் கையில் வைக்கிறார். வாங்கியவர் அந்த உயிருக்குப் பொறுப்பாகிறார். முதலாவது வழக்கைப் பற்றி ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்கிறோம். இரண்டாவதைப் பற்றி விடாமல் பேசிவருகிறவர்கள், 2017 மார்ச் 8ஆம் திகதி முல்லைத்தீவில் போராட்டம் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள். இந்த இரண்டு பேச்சும் ஒன்றையொன்று சந்திக்காமல் போவதுதான் எங்கள் திருச்சபை வாழ்வின் பெரிய குறை என்று நினைக்கிறேன். விவிலியம் அடைக்கலம் என்று எதைச் சொல்கிறது, போர்க்காலத்தில் எங்கள் கோயில்கள் கொடுத்த அடைக்கலம் அந்த அளவில் எங்கே நிறைந்தது, எங்கே குறைந்தது என்று பார்த்தால் இது விளங்கும்.

அடைக்கலம் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவன 46ஆம், 91ஆம் திருப்பாடல்கள். அரண், கோட்டை, சிறகின் நிழல் என்று அவை பாடுகின்றன. பாறை இடுக்கிலும் குகையிலும் ஒளிந்து உயிர்தப்பிய ஒரு மலைநாட்டு மக்களின் உருவகங்கள் இவை. முள்ளிவாய்க்கால் மணலில் பாறை ஏது, குகை ஏது? கூறைச் சேலையையும் கிழித்துத் தைத்த பைகளில் மணல் நிரப்பி அடுக்கி, அதற்கு நடுவே கிடங்கு வெட்டிக் குந்தியிருந்தோம். தோண்டத் தோண்டச் சரியும் கடற்கரை மணல் அது. அங்கே இருந்தும் இந்தத் திருப்பாடல்களைச் சொன்னார்கள். சொன்னவர்களில் சிலர் மீண்டார்கள், சிலர் மீளவில்லை. இந்த ஒரு உண்மையே எங்கள் வாசிப்பைச் சோதிக்கப் போதும்.

விவிலியமே அந்தச் சோதனையைச் செய்கிறது. ஆலய உச்சியில் நின்று, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவுக்கு 91ஆம் திருப்பாடலை எடுத்துக் காட்டியவன் சாத்தான் என்று மத்தேயு எழுதுகிறார். ஆண்டவரின் ஆலயம் இங்கே இருக்கிறது, எங்களுக்கு ஒன்றும் நேராது என்று நம்பியிருந்த எருசலேம் மக்களை எரேமியா கடிந்து பேசினார். ஏழையையும் அந்நியனையும் ஒடுக்கிவிட்டு ஆலயத்துக்குள் ஒதுங்குவது, கள்வர் குகைக்குள் ஒதுங்குவது போன்றது என்றார். கட்டடத்தைத் தாயத்தாக்குவதை விவிலியம் ஏற்கவில்லை.

அப்படியானால் அடைக்கலம் எங்கே இருக்கிறது? ரூத்தின் கதை இதற்கு அழகாக விடை தருகிறது. மோவாபிலிருந்து வந்து கதிர் பொறுக்கும் அந்த ஏழை விதவையைப் பார்த்து, கடவுளின் சிறகடியில் புகலிடம் தேடி வந்தவள் என்று போவாசு வாழ்த்துகிறார். அடுத்த அதிகாரத்தில் ரூத்து அவரிடமே போய், அவருடைய ஆடையை விரித்துத் தன்னை மூடும்படி கேட்கிறாள். சிறகுக்கும் ஆடையின் ஓரத்துக்கும் எபிரேயத்தில் ஒரே சொல், ‘கனாப்’. கடவுளின் சிறகு என்று வாயால் வாழ்த்தினீரே, அந்தச் சிறகு நீர்தான் என்று அவள் சொல்லாமல் சொல்லிவிடுகிறாள். வாழ்த்தியவர் பொறுப்பேற்க வேண்டியவராகிறார்.

இதே எண்ணம் சட்டமாகவும் வருகிறது. எண்ணாகமம் 35, இணைச்சட்டம் 19, யோசுவா 20 ஆகிய அதிகாரங்கள் ஆறு அடைக்கல நகரங்களைப் பேசுகின்றன. தவறுதலாக ஒருவரைக் கொன்றவர் பழிவாங்குவோர் கைக்குத் தப்பி அங்கே ஓடலாம். அந்நியருக்கும் அதே உரிமை உண்டு. வேண்டுமென்று கொலை செய்தவருக்கு அங்கே இடமில்லை. இந்த ஏற்பாட்டின் உறுப்புகளைக் கவனியுங்கள். நகருக்குப் போகும் வழியைச் சீராக்கி வைக்க வேண்டும். வாயிலில் மூப்பர்கள் இருந்து, வந்தவரின் வழக்கைக் கேட்க வேண்டும். அவருக்கு வாழ ஓர் இடம் கொடுக்க வேண்டும். துரத்தி வருபவரிடம் அவரை ஒப்படைக்கக்கூடாது. தலைமைக் குரு இறந்தபின் அவர் தன் ஊருக்குத் திரும்பலாம். வழி, வாயில், விசாரணை, வாழ்விடம், ஊர் திரும்புதல் என்ற ஐந்தும் சேர்ந்தால்தான் அது அடைக்கலம். இந்த நகரங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர்கள், தங்களுக்கென்று காணிப் பங்கு இல்லாத லேவியர்கள். காணி இல்லாதவர்களிடம் ஏன் இந்தப் பணி கொடுக்கப்பட்டது என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

தமிழில் இதை நாங்கள் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. அடைக்கலம் என்றால் எங்களுக்குப் புகலிடம் மட்டுமில்லை, பாதுகாத்துத் திருப்பிக் கொடுக்கும்படி ஒப்படைக்கப்பட்ட பொருளும் அடைக்கலம்தான். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார். கோவலன் கொலையுண்டு கண்ணகியும் போனபின், தன் அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று மாதரி தீயில் புகுகிறாள். கொலையில் அவளுக்குப் பங்கில்லை. ஆனாலும் வாங்கிய அடைக்கலத்துக்குத் தானே கணக்குச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்தாள். வீட்டு இறப்பில் கூடு கட்டும் சிட்டுக்கு அடைக்கலக்குருவி என்று பெயர் வைத்தவர்கள் நாங்கள். கடவுளின் பீடத்தருகே அந்தக் குருவிக்கும் இடம் கிடைத்ததை 84ஆம் திருப்பாடல் மகிழ்ந்து பாடுகிறது.

இந்த அளவுகோலை எங்கள் கோயில்களின் வரலாற்றில் வைத்துப் பார்ப்போம். வன்னிக் காட்டின் மடு மாதா கோயிலே ஓர் அகதிக் கோயில். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியதில் தொடங்குகிறது அதன் மரபு. 1990இல் மீண்டும் போர் மூண்டபோது, அதே மடு வளவு ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குத் தறப்பாள் கொட்டிலும் கஞ்சியும் கொடுத்தது. அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையகம் அங்கே திறந்த நிவாரண நிலையம் நடத்தியது. வந்தவர் கத்தோலிக்கரா சைவரா என்று வாயிலில் பிரிக்கவில்லை. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது குருமார் சுரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தார்கள். அடைக்கலம் கொடுத்த மாதாவே அடைக்கலம் தேடிப் போனதை மக்கள் கண்டார்கள். ஏரோதுக்குத் தப்பி எகிப்துக்கு ஓடிய குடும்பத்தின் தாய்க்கு அந்தப் பாதை புதிதில்லை. ஆபத்தில் இருக்கும் சனத்தோடு தானும் ஆபத்தில் இருப்பதுதான் இந்த நடைமுறையின் முதலாவது பலம்.

இரண்டாவது பலம் ஆட்கள். போரின் கடைசி மாதங்களில் குருக்களும் அருட்சகோதரிகளும் மக்களோடு நின்றார்கள். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசப் அடிகளார் அவர்களில் ஒருவர். 2009 மே 10ஆம் திகதி போர் நடுவிலிருந்து பாப்பரசருக்குக் கடிதம் எழுதியவர் அவர். மே 18ஆம் திகதி வட்டுவாகலில், சரணடையப் போனவர்களைத் தனியே விடாமல் அவர்களோடு போனார். அதற்குப் பிறகு அவர் திரும்பவில்லை. காற்றுக்கு ஒதுக்கிடமாக ஒரு மனிதர் இருப்பார் என்று எசாயா 32இல் சொல்லப்படுவதற்கு இதைவிட எனக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

மூன்றாவது பலம் சாட்சியம். மன்னார் ஆயர் இராயப்பு யோசப், 2011 சனவரியில் கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு முன் ஓர் எளிய கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்ரோபரில் கச்சேரிப் பதிவுப்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். அரச கட்டுப்பாட்டுக்குள் வந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அடைக்கல நகரின் மூப்பர் வாயிலில் இருந்து செய்ய வேண்டிய வேலை அதுதான்.

இனிக் குறைகள். முதலாவது, கோயில் என்றால் குண்டு விழாது என்ற நம்பிக்கையை நாங்களே வளர்த்தோம். 1995 சூலை 9இல் நவாலி புனித பேதுரு பாவிலு ஆலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் மேல் விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1999 நவம்பர் 20இல் மடு வளவுக்குள்ளேயே செல் விழுந்து பலர் இறந்தார்கள். கோயிலைத் தாக்கியவர்களின் குற்றத்தை இது ஒரு துளியும் குறைக்காது. ஆனால் பீடம் கொலைகாரனைத் தடுக்காது என்பதைச் சாலமோன் காலத்திலேயே விவிலியம் எழுதி வைத்திருக்கிறது. பீடத்தின் கொம்பைப் பிடித்திருந்த யோவாபு அந்த இடத்திலேயே வெட்டப்பட்டான். இதை மக்களுக்குச் சொல்லாமல், சுவரைக் காட்டி ஆறுதல் சொன்னது பிழை.

அந்தப் பிழை போருக்குப் பின்னும் தொடர்கிறது. விசுவாசத்தால் காப்பாற்றப்பட்டோம் என்று சாட்சி சொல்லும் கூட்டங்களில், பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் இருக்கிறாள். தன் விசுவாசம்தான் போதவில்லையோ என்ற முள் அவள் நெஞ்சில் ஏறுகிறது. அதே திருப்பாடல் நூலில் 88ஆம் திருப்பாடல் இருக்கிறது. இருளில் தொடங்கி இருளிலேயே முடியும் மன்றாட்டு அது. அதையும் கோயிலில் வாசிக்க வேண்டும்.

இரண்டாவது குறை வாயில். வலைஞர்மடம் கோயிலில் ஒதுங்கியிருந்த நூற்றுக்கணக்கான இளையோரை 2009 ஏப்ரல் நடுப்பகுதியில் விடுதலைப் புலிகள் பலவந்தமாகப் பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு போனதை, ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் பதிவு செய்தது. துவக்கோடு வந்தவர்களைத் தடுக்க அங்கிருந்த குருக்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வராது. ஆனால் வாயிலில் வந்து நின்றவர் எங்கள் ஆளாக இருந்தால் அதைப் பேசாமல் விடுவது என்ற வழக்கம் இன்றும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கும் தாய்மார் உண்டு. செல் அடித்தவரின் கணக்கைக் கேட்கும் குரல், பிள்ளை பிடித்தவரின் கணக்கையும் கேட்டால்தான் அது மூப்பரின் குரலாகும்.

மூன்றாவது குறை, அடைக்கலத்தை நிவாரணமாகச் சுருக்கிவிட்டது. வாழ்விடமும் ஊர் திரும்புதலும் அடைக்கலத்தின் உறுப்புகள் என்றால், 2017 தொடக்கத்தில் கேப்பாப்புலவு மக்கள் படைமுகாம் வேலிக்கு வெளியே வெயிலிலும் பனியிலும் இருந்து தங்கள் காணியைக் கேட்டது வெறும் அரசியல் விவகாரமில்லை. அது அடைக்கல நகரின் ஐந்தாவது உறுப்பு. குருமார் சிலர் அங்கே போய் இருந்தார்கள், அது நன்று. அந்தப் போராட்டம் மறையுரையின் பொருளாகவும் ஆகியிருக்க வேண்டும்.

இவற்றோடு அரசின் அடைக்கலத்தையும் அதே கோலால் அளக்க வேண்டும். 2009இல் பாதுகாப்பு வலயம் என்று மூன்று முறை அறிவித்தார்கள். சனவரியில் சுதந்திரபுரம் பக்கம் சுமார் 35 சதுர கிலோமீற்றர். பெப்ரவரியில் புதுமாத்தளன் கரையில் சுமார் 14. மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் சுமார் 2. மூன்றுக்குள்ளும் செல் விழுந்தது. போக வழி இல்லை, முறைப்பாடு கேட்க வாயிலில் யாருமில்லை. வரைபடத்தில் கோடு போட்டவர் அந்தக் கோட்டுக்குள் வந்த உயிர்களுக்குப் பொறுப்பேற்கவில்லை. கடைசியில் சரணடைந்தவர்களை வாங்கியவரும் அந்த அடைக்கலத்துக்கு இன்னும் கணக்குச் சொல்லவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு நிற்கும் அம்மா கேட்பது மாதரி தன்னைத் தானே கேட்டுக்கொண்ட கேள்வியை: உங்களிடம் தந்த அடைக்கலம் எங்கே? கோயிலில் சரணடைவதைப் பற்றிப் பேசும் எவரும் அந்தக் கேள்வியின் பக்கத்தில் நிற்கக் கடமைப்பட்டவர்.

பலத்தையும் குறையையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெளிவது இது. எங்கள் அடைக்கல நடைமுறை, ஆட்கள் பொறுப்பேற்று நின்ற இடத்திலெல்லாம் விவிலியத்துக்கு உண்மையாக இருந்தது. கட்டடத்தையும் அற்புதத்தையும் நம்பச் சொன்ன இடங்களில் அது மக்களைக் கைவிட்டது.

இனி லேவியருக்கு வருகிறேன். 2024 டிசம்பர் 19ஆம் திகதி முள்ளிவாய்க்கால் கடலில் ஒரு படகு தத்தளித்தது. அதில் மியன்மாரிலிருந்து தப்பிய நூற்றுக்கும் மேற்பட்ட ரோகிங்கியா மக்கள், குழந்தைகளும் கர்ப்பிணிகளுமாக இருந்தார்கள். முதலில் அவர்களுக்கு உணவும் தண்ணீரும் கொண்டு போனவர்கள் எங்கள் கரையோரத்துக் கடற்றொழிலாளர்கள். 2004 ஆழிப்பேரலையும் 2009 போரும் வீட்டையும் வள்ளத்தையும் இரண்டு முறை பறித்துக்கொண்ட கரை அது. தாமே காணி இழந்து அலைந்தவர்களிடம் அடைக்கலப் பணி ஏன் கொடுக்கப்படுகிறது என்று அன்று கண்டோம். எகிப்தில் அந்நியராக இருந்த உங்களுக்கு அந்நியரின் மனம் தெரியும் என்று விடுதலைப் பயண நூல் சொல்வதன் பொருளும் அதுதான்.

அந்த மக்கள் பிறகு அரசின் பொறுப்புக்குப் போனார்கள். கேப்பாப்புலவு விமானப்படை முகாமில் வைக்கப்பட்டார்கள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை கையெழுத்திடவில்லை. அவர்களைத் திருப்பி அனுப்பும் பேச்சு 2025 சனவரியில் எழுந்தபோது, முல்லைத்தீவில் மக்கள் வீதிக்கு வந்து அது கூடாது என்றார்கள். சோறும் தண்ணீரும் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. தாங்கள் கைநீட்டி வாங்கிய அடைக்கலம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, நாளை எங்கே போகப்போகிறது என்று கேட்டார்கள். தங்களுக்கு ஒருவரும் கொடுக்காத கணக்கை, மொழியும் மதமும் வேறான அந்நியருக்காக அவர்கள் கேட்டார்கள்.