இடுப்புக் குடமும் கைப்பட்டையும்

எத்தனை கலோரி எரித்தோம் என்று சொல்லும் கைப்பட்டையை யாருடைய உடலை நினைத்துச் செய்திருப்பார்கள்? ஆலத்தியூரில் குடத்தை இடுப்பில் அணைத்தபடி நடக்கும் பெண்ணின் கை வீசுவதில்லை. பருத்திக்குக் களையெடுப்பவள் ஒரே வரிசையில் குனிந்தே நகர்கிறாள். கையசைவு, நாடித்துடிப்பு, நாம் பதிந்த வயது, எடை ஆகியவற்றை வைத்துக் கருவி போடும் கணக்கில் குடத்தின் எடைக்கு இடமில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்து 2017இல் வெளியிட்ட முடிவில், கலோரிக் கணக்கில் மிகத் துல்லியமான கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது.

இதை வெறும் கருவிக் கோளாறாக நான் பார்க்கவில்லை. சமையல், விறகு, தண்ணீர் எல்லாவற்றையும் கூட்டினால் பெண் செலவிடும் ஆற்றல் ஆணுடையதற்குக் குறைந்ததல்ல என்று, கர்நாடகக் கிராமத் தரவுகளைக் கொண்டு 1982இலேயே ஸ்ரீலதா பட்லிவாலா எழுதினார். வீட்டுவேலையை வேலையாக எண்ணாத பழக்கம் பட்டைக்கு முந்தையது.

எண்ணாமல் விட்டால் என்ன நஷ்டம்? ஐசிஎம்ஆரின் 2020 பரிந்துரைப்படி, உட்கார்ந்து வேலைசெய்யும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1660 கலோரி தேவை. கடும் உழைப்பாளிக்கு 2720. நடுவில் இருக்கும் 1060 கலோரி ஒருத்தியின் சோறு. நகரத்தில் பட்டை "இன்னும் எரி" என்கிறது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவளைப் பற்றி நாம் கேட்க வேண்டியது, அவளுக்குப் பானையில் எவ்வளவு மிஞ்சியது என்பதைத்தான்.