தடுமாறும் நாவும் தடுமாறாத வதந்தியும்

பொய்யனை அடையாளம் காண்பது எப்படி? நமது சிறுகதைகளில் இதற்கு ஆயத்தமான விடையொன்று உண்டு. பொய் சொல்லும் பாத்திரம் எச்சில் விழுங்கும், நிலத்தைப் பார்க்கும், அதன் நா தடுமாறும். இவ்வுத்தி பிழையானது, கொழும்பைப் பற்றி எழுதுவோருக்கு ஆபத்தானதும்கூட என்பதே என் கருத்து.

1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வீதியில் மறிக்கப்பட்டவர்களிடம் வாளிக்கான சிங்களச் சொல்லைச் சொல்லும்படி கேட்டதை அக்கலவரம் பற்றிய நினைவுகள் திரும்பத் திரும்பக் கூறுகின்றன. ‘பால்திய’ என்பது ‘வால்திய’ என்று புரண்டால் ஆள் தமிழர். தன்னைச் சிங்களவர் என்று சொல்லி உயிர்தப்ப முயன்றவரை அவரது நாவே காட்டிக்கொடுத்தது. அங்கே பிடிபட்டது பொய்தான். ஆனால் குற்றம் யாருடையது?

அதே கிழமை, 29ஆம் திகதி வெள்ளிக்கிழமை, புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்ற கதை நகரெங்கும் பரவியது. அது பொய். பலர் அதை நம்பியே மற்றவருக்குச் சொன்னார்கள். ஆகவே நா தடுமாற இடமிருக்கவில்லை. அன்றும் தமிழர் பலர் கொல்லப்பட்டனர்.

பொய்யையும் மெய்யையும் மனிதர் எவ்வளவு சரியாகப் பிரித்தறிகின்றனர் என்பதை, 200க்கு மேற்பட்ட ஆய்வறிக்கைகளைத் தொகுத்து, பொண்ட், டிபோலோ ஆகிய இருவரும் 2006இல் ஆராய்ந்தனர். 100 தீர்ப்புகளில் சராசரியாக 54 மாத்திரமே சரி. காசைச் சுண்டிப் பார்த்தாலும் 50 சரியாகும்.

ஆகவே பார்க்க வேண்டியது சொல்பவரின் முகத்தையல்ல, செய்தி வந்த வழியை. சூரா ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்வது, அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தாதிருப்பதற்காகவே. ஹதீஸ் அறிஞர்கள் அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொருவராகச் சோதித்ததும் இதே அக்கறையினால்தான்.

ஷ்யாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ (1994) நாவலின் இறுதிப்பகுதி, யூலைக் கலவரத்தைத் திகதியிட்ட நாட்குறிப்பாகச் சொல்கிறது. கற்பனைதான், ஆயினும் எது எப்போது தெரியவந்தது என்பதை வாசகர் பின்தொடர முடிகிறது. நம்பிக்கை அங்கிருந்தே பிறக்கிறது.

அயலவரை உள்ளே ஒளித்துவைத்து, ‘இங்கே தமிழர் எவருமில்லை’ என்று வாசலில் நின்று சொன்ன சிங்களவரும் முஸ்லிம்களும் அந்நாட்களில் இருந்தார்கள். அவர்களின் குரலும் நடுங்கியிருக்கும். அவர்களைப் பற்றி எழுதும்போது அந்த நடுக்கத்தைக் குற்றத்தின் அடையாளமாக்கிவிடாதிருப்போம்.