ஓடாத மாடலுக்கு எத்தனை மதிப்பெண்?

தில்லிப் பள்ளிகளில் நடக்கும் அறிவியல் கண்காட்சிகளுக்குச் சில ஆண்டுகளாக நடுவர்களில் ஒருவனாகப் போய்வருகிறேன். எந்தப் பள்ளிக்குப் போனாலும் மேசைகளில் இருப்பவை ஏறக்குறைய ஒன்றே. கை நீட்டினால் மூடி திறக்கும் குப்பைத்தொட்டி. எதிரே தடை வந்தால் ஒலி எழுப்பும் கைத்தடி. மண் காய்ந்தால் தானாகத் தண்ணீர் விடும் பூந்தொட்டி. மூன்றுக்குள்ளும் ஓர் ஆர்டுயினோ போர்டு, ஒரு சென்சார், ஒரு மோட்டார் அல்லது பஸ்ஸர். செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் அரை நாள் அலைந்தால் எல்லாம் கிடைத்துவிடும். புரோகிராம் இணையத்தில் தயாராக இருக்கிறது.

ஒரு டிசம்பரில், வாசலை ஒட்டிய கடைசி மேசையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி காற்றில் உள்ள தூசியை அளக்கும் பெட்டியோடு நின்றாள். “இது சரியாக வேலை செய்யவில்லை” என்று தலையைக் குனிந்தபடி சொன்னாள். என்ன கோளாறு என்று கேட்டதும் ஒரு நோட்டை நீட்டினாள். பத்தொன்பது நாள், காலையும் மதியமும் தன் பெட்டி காட்டிய எண். அதன் பக்கத்திலேயே அருகிலுள்ள அரசுக் கண்காணிப்பு நிலையம் வெளியிட்ட எண். மதியங்களில் இரண்டும் ஒட்டிவந்தன. மூடுபனி கவிந்த காலைகளில் மட்டும் அவள் பெட்டி எக்கச்சக்கமாகக் காட்டியது. அந்த நாட்களுக்குப் பென்சிலால் வட்டம் போட்டு ‘பனி?’ என்று எழுதியிருந்தாள்.

விலை குறைந்த தூசி சென்சார், துகள்கள் லேசர் ஒளியை எவ்வளவு சிதறடிக்கின்றன என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது. காற்றில் ஈரம் ஏறினால் துகள்கள் நீரை ஏற்று உப்பும். பனியின் நீர்த்துளிகளும் ஒளியைச் சிதறடிக்கும். பெட்டிக்கு எல்லாம் தூசிதான். அரசு நிலையங்களில் உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்துவிட்டு, வடிகட்டித் தாளில் படிந்த தூசி பீட்டா கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கிறார்கள். இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. விடைக்கு ஒரு முழம் தூரத்தில், தானாகவே வந்து நின்றிருந்தாள்.

பரிசு குப்பைத்தொட்டிக்குப் போனது. மதிப்பெண் தாளில் மாடல் இயங்குகிறதா, புதுமை, விளக்கிய விதம், தோற்றம் என்று நான்கு கட்டங்கள் இருந்தன. நோட்டுக்குக் கட்டம் இல்லை. மற்ற நடுவர்களிடம் பேசிப் பார்த்தேன். தாளில் இல்லாததற்கு எப்படிப் போடுவது என்று கேட்டார்கள். அன்றிலிருந்து கண்காட்சி, போட்டி, லேப் என்ற இந்த மொத்த ஏற்பாட்டையும் வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

பிள்ளைகளைக் கையால் செய்ய வைக்கும் இந்த ஏற்பாடு வந்ததே பெரிய காரியம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் பள்ளிகளில் ‘பிராக்டிகல்’ என்பதன் நிலை எல்லோருக்கும் தெரியும். ஊசலின் நேரத்தை அளக்கும் முன்பே புவியீர்ப்பு முடுக்கமான ‘ஜி’யின் மதிப்பு தெரியும், அந்த எண் வரும்படி அளவுகளைத் திருத்தி ரெக்கார்டு நோட்டில் ஏற்றினால் கையெழுத்து விழும். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு அறிவியலில் 100-க்கு 20 மட்டுமே அகமதிப்பீடு; செய்முறைக்கு அதில் 5. கையால் செய்வதற்கு நாம் கொடுத்திருக்கும் இடம் அவ்வளவுதான்.

இந்த வறட்சியில்தான் 2016-இல் நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் பள்ளிகளுக்கு ‘டிங்கரிங் லேப்’ கொடுக்கத் தொடங்கியது. தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய்: நிறுவ 10 லட்சம், ஐந்து ஆண்டு வரை நடத்த 10 லட்சம். 6 முதல் 12 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மின்னணுக் கருவிகள், சென்சார்கள், சால்டரிங் அயர்ன், முப்பரிமாண அச்சுப்பொறி. நாடெங்கும் சுமார் 10,000 பள்ளிகளுக்கு இது போய்ச் சேர்ந்திருக்கிறது. அடுத்த ஐந்து ஆண்டில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 லேப் என்று 2025 பட்ஜெட் அறிவித்தது.

வீட்டில் ஸ்க்ரூடிரைவர் கூட இல்லாத பிள்ளை முதல்முறை ஈயத்தை உருக்கி இரண்டு கம்பிகளை ஒட்டும்போது அருகில் நின்று பார்த்தவர்கள் இந்தச் செலவைக் குறைசொல்ல மாட்டார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. புத்தகம் பிள்ளையை மறுத்துப் பேசுவதில்லை. ஆசிரியர் இரக்கப்பட்டு அரை மதிப்பெண் சேர்த்துப் போடுவார். பொருள் அப்படிச் செய்யாது. இணைப்புத் தளர்ந்திருந்தால் விளக்கு எரியாது. பிள்ளை எந்த வீட்டிலிருந்து வந்தது, எந்த மொழியில் பேசுகிறது என்றெல்லாம் அது பார்க்காது. ஏன் எரியவில்லை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கும் அந்த அரைமணி நேரத்தில் நடக்கும் கல்வி வேறெங்கும் கிடைப்பதில்லை. இத்திட்டங்களின் உயிர் அந்த அரைமணியில்தான் இருக்கிறது. ஆகவே எந்தத் திட்டத்தை எடைபோட்டாலும் அந்த அரைமணியை அது வளர்க்கிறதா, தின்றுவிடுகிறதா என்றே நான் பார்க்கிறேன்.

2025 ஆகஸ்ட் 12 அன்று நடந்த ‘மெகா டிங்கரிங் டே’யை அப்படிப் பார்ப்போம். 9,467 பள்ளிகளில் 4,73,350 மாணவர்கள் ஒரே நேரத்தில், இணைய நேரலையில் வந்த குறிப்புகளைப் பின்பற்றி, அன்றாடப் பொருட்களைக் கொண்டு வாக்குவம் கிளீனர் செய்தார்கள். அவ்வளவு பிள்ளைகள் ஒரே நாளில் கையால் ஒன்றைச் செய்தது மகிழ்ச்சிக்குரியதே. பல பள்ளிகளில் தூசி படிந்து கிடந்த அலமாரிகள் அன்று திறந்திருக்கும். ஆனால் எல்லோருக்கும் ஒரே பொருள், ஒரே வரிசை, ஒரே கடிகாரம் என்றால் அங்கே கேள்வி கேட்டவர் யார்? மோட்டார் சுற்றியும் காற்றை இழுக்காத கருவியோடு நிற்கும் பிள்ளைக்கு, விசிறியின் இதழ் தலைகீழாக இருக்கிறதா என்று ஆராய நேரம் கிடையாது. நேரலை அடுத்த படிக்குப் போய்விடும். பிள்ளை பக்கத்து மேசையைப் பார்த்து மாற்றி ஒட்டிக்கொள்ளும். செய்துமுடித்த திருப்தி கிடைக்கும், கண்டுபிடித்த திருப்தி கிடைக்காது.

போட்டிகளிலும் இதே சிக்கல்தான், இன்னும் கூர்மையாக. ரோபோ போட்டி, ஹேக்கத்தான், கண்காட்சி என்று தில்லியில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று நடக்கிறது. வசதியுள்ள தனியார் பள்ளிகள் வெளி நிறுவனங்களை வைத்துப் பயிற்சி தருகின்றன. கிட், நுழைவுக் கட்டணம், பயணம் என்று செலவு குவிகிறது. செய்துமுடித்த மாடல்களே கடையில் விற்கின்றன. மேடையில் ஓடவேண்டும் என்பதே விதி என்றால், ஓடுவது உறுதியான ஒன்றைத்தான் புத்திசாலிப் பிள்ளை தேர்ந்தெடுக்கும். குப்பைத்தொட்டி ஆண்டுதோறும் திரும்பி வருவதற்குப் பிள்ளைகளின் கற்பனைப் பஞ்சம் காரணமில்லை. நாம் எழுதிய மதிப்பெண் தாளை அவர்கள் சரியாகப் படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

போட்டியே வேண்டாம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தேதி குறிக்காத வேலை முடியாது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் தாங்கள் செய்த பெட்டியின் முன்னால் நின்று அருவியாகப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டிலும் தேர்வு உண்டு, மேல்நிலைக்குப் போகும் வெற்றி உண்டு. ஆனால் அங்கே பிள்ளைகள் தம் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, தரவு சேகரித்து, நாட்குறிப்போடு வர வேண்டும்; தாய்மொழியில் பேசலாம். தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் தொண்டர்கள் இதற்காகக் கிராமம் கிராமமாக அலைந்திருக்கிறார்கள். போட்டி எதை எடைபோடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தில்லிக்கே இதில் பழைய அனுபவம் உண்டு. 1963-இல் என்.சி.இ.ஆர்.டி. அறிவியல் திறனாளர்களைத் தேடும் திட்டத்தை முதலில் தில்லியில் மட்டும், வெறும் 10 உதவித்தொகைகளோடு தொடங்கியது. அடுத்த ஆண்டே அது நாடெங்கும் விரிந்தது. எழுத்துத் தேர்வோடு, மாணவர் தாமே செய்த ஓர் ஆய்வின் அறிக்கையையும் அதற்குக் கொடுக்க வேண்டியிருந்தது. பிற்பாடு அது தேசியத் திறனறித் தேர்வாக மாறி, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாத்தாளாகச் சுருங்கியது. 2021-இல் அதுவும் நின்றுபோனது.

இன்னும் ஆழமான பாடம் மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. அதிலும் தில்லிக்குப் பங்குண்டு. 1972-இல் கிஷோர் பாரதியும் ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டரும் ஹோஷங்காபாத் மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்து கற்கும் அறிவியலைத் தொடங்கின. தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் அடுத்த ஆண்டிலிருந்தே அங்கு போய் உழைத்தார்கள். 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் பரவியது. மலிவான பொருட்களால் ஆன கிட் மட்டும் அதன் சிறப்பாக இருந்திருந்தால் நான் இங்கே பேசமாட்டேன். அவர்கள் தேர்வையே மாற்றினார்கள். புத்தகத்தையும் நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம். கையால் செய்து காட்டும் தேர்வும் உண்டு. ஆசிரியர்கள் தொடர்ந்து கூடிப் பேசினார்கள், வகுப்பில் என்ன நடந்தது என்று பதிவுசெய்தார்கள். முப்பது ஆண்டு ஓடிய அந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. கருவி, தேர்வு, ஆசிரியர் மூன்றையும் சேர்த்துப் பிடித்த முயற்சி நம் நாட்டில் அதைப்போல் மிகச் சில. இன்றைய லேப்களில் முதலாவது மட்டும் தாராளமாக இருக்கிறது.

நேரமும் இல்லை. தில்லி அரசுப் பள்ளிகள் பலவற்றில் இரண்டு ஷிப்ட்: காலையில் பெண்கள், மதியத்துக்கு மேல் ஆண்கள். பள்ளி விட்ட பிறகு லேபில் உட்கார்ந்து வேலை செய்யலாம் என்று திட்டம் எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள். பள்ளி விட்டால் அடுத்த ஷிப்ட் வாசலில் நிற்கிறது. அறைச் சாவி யாரிடம் என்பதே பல இடங்களில் ஒரு பிரச்சினை. லேபைக் கவனிப்பவர் இயற்பியலோ கணினியோ எடுக்கும் ஆசிரியர். அவருடைய பாடவேளைகள் இதற்காகக் குறைக்கப்படுவது அபூர்வம். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ‘ஃபவுண்டேஷன்’ கோச்சிங் மாலைகளை எடுத்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் காற்று கெட்டால் பள்ளியே மூடப்படுகிறது: 2024 நவம்பரில் 12-ஆம் வகுப்பு வரை நேரடி வகுப்புகள் நின்றன. தில்லிப் பிள்ளைகள் ஆராய வேண்டிய மிகப் பெரிய பிரச்சினை தலைக்கு மேல் கவிந்திருக்கும் அதே வாரங்களில்தான் கருவிகள் பூட்டிய அறைக்குள் கிடக்கின்றன.

இதைவிட வருத்தம் தருவது ஒன்று உண்டு. அரசுப் பள்ளிகள் பலவற்றில் 11, 12-ஆம் வகுப்புகளில் அறிவியல் பிரிவே கிடையாது. எட்டாம் வகுப்பில் மோட்டாரைச் சுற்றவைத்துக் குதித்த பெண், பத்தாம் வகுப்பு முடிந்ததும் தன் பள்ளியில் கலைப்பிரிவு மட்டுமே இருப்பதைக் கண்டால் அந்த ஆசை எங்கே போகும்? வேறு பள்ளிக்கு அனுப்பத் தயங்கும் வீடுகள் பல. லேப் எண்ணிக்கையைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசாவிட்டால் பிள்ளைகளுக்கு வாசலைக் காட்டிவிட்டு வீட்டைப் பூட்டியவர்களாகிறோம்.

ஓடாத மாடலுக்குத் திரும்பினால், தோல்வியை எப்படி நடத்துவது என்பதற்கு நம்மிடையே நல்ல முன்மாதிரி உண்டு. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணத்தில் ‘ஆசாதிசாட்’ என்ற சிறு செயற்கைக்கோள் போனது. நாட்டின் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள், சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா வழிகாட்ட, அதன் கருவிகளுக்குப் பங்களித்திருந்தார்கள். அவர்களுக்கு வந்தவை பெரும்பாலும் தயார்நிலைக் கிட்கள்தாம். அந்தக் குறை இதற்கும் பொருந்தும். ராக்கெட் வட்டப்பாதைக்குப் பதிலாகத் தாழ்ந்த நீள்வட்டத்தில் விட்டதால் செயற்கைக்கோள் வீணானது. இரண்டாம் அடுக்குப் பிரிந்தபோது எழுந்த அதிர்வு முடுக்கமானிகளைக் குழப்பியதே காரணம் என்று இஸ்ரோ வெளிப்படையாக விளக்கியது. 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சுற்றுப்பாதையைச் சேர்ந்தது. நாட்டின் விண்வெளி நிறுவனமே இன்னது தவறு என்று எழுதி வெளியிடும்போது, பதினான்கு வயதுப் பிள்ளை அதை எழுதினால் மதிப்பெண் இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

செய்யக்கூடியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆர்.கே. புரத்திலும் மந்திர் மார்கிலும் தில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் காற்றுக் கண்காணிப்பு நிலையங்கள் உள்ளன. அந்த இரண்டு இடங்களிலும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளும் உள்ளன. ஒரு சென்சார், ஓர் ஈரப்பதமானி, ஒரு நோட்டு. அக்டோபரில் தொடங்கி பிப்ரவரி வரை தினமும் குறித்தால், பள்ளி மூடிய நாட்களில் வீட்டு மாடியிலிருந்து குறித்தால், எந்தக் கிட்டும் தராத ஒரு வரைபடம் பிள்ளைகளின் கையில் இருக்கும். கண்காட்சித் தாளில் பாதி மதிப்பெண்ணை அந்த நோட்டுக்குக் கொடுக்கலாம்: எது எதிர்பார்த்தபடி வரவில்லை, என்ன மாற்றிப் பார்த்தாய், பிறகு என்ன ஆயிற்று. இதற்கு லட்சங்கள் வேண்டாம். ஓர் அச்சுத்தாளைத் திருத்தினால் போதும்.

அன்று மேசையைவிட்டு நகரும்போது, ஈரப்பதம் அளக்கும் சென்சார் ஒன்றின் பெயரை அந்தப் பெண்ணின் நோட்டில் எழுதிக்கொடுத்தேன். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பனி இருக்கும்போதே எடுக்க வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்கு லேப் திறந்திருக்குமா என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற ஆசிரியையும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சாவியைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார் அவர்.