‘இது யாருடைய உயிர்?’ – ஒரு நாடகமும் வைத்திய அறமும்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் வைத்தியத்தை நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என நான்கு கூறுகளாக வகுக்கின்றது. அவற்றுள் நோயாளி முதலாவதாக வைக்கப்பட்டிருத்தல் மனங்கொள்ளத்தக்கது. நவீன வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவிலோ இவ்வொழுங்கு பெரும்பாலும் தலைகீழாகி விடுகின்றது. அங்கு கருவி முன்னிற்கின்றது. அதனை இயக்கும் வைத்தியர் அடுத்து நிற்கின்றார். பேணுவோர் கதவுக்கு வெளியே காத்திருக்கின்றனர். நோயாளியோ வாய்திறக்க இயலாது கிடக்கின்றார். இந்நிலையின் அறச்சிக்கலை மேடையேற்றிய ஆக்கங்களுள் ஆங்கில நாடகாசிரியர் பிறயன் கிளார்க்கின் ‘இது யாருடைய உயிர்?’ குறிப்பிடத்தக்கது. 1972 இல் தொலைக்காட்சி நாடகமாக வெளிவந்த இது, 1978 இல் இலண்டனில் மேடையேறி, 1981 இல் திரைப்படமாகவும் ஆயிற்று. நோயாளியின் உரிமைக்காக வாதாடும் நாடகம் என்றே விமர்சகர் பலர் இதனைப் போற்றியுள்ளனர். அப்போற்றல் பொருத்தமானதே. ஆயினும் நாடகத்தின் பெறுமதி அவ்வுரிமை வாதத்தோடு முடிந்துவிடவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

நாடகம் எழுந்த சூழலை முதலில் நோக்குதல் வேண்டும். 1952 இல் கொப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாத நோய் கடுமையாகப் பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்தோரைக் காக்கப் போதிய கருவிகள் இருக்கவில்லை. மயக்கமருந்து வைத்தியரான பியோர்ன் இப்சன் நோயாளரின் தொண்டையிலே துளையிட்டுக் குழாய் பொருத்தி, இறப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டும் முறையைப் புகுத்தினார். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் அப்பையை அழுத்தினர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு பல்கலைக்கழக மாணவரின் கைகளிலே பிறந்தது எனக் கூறின் அது மிகையாகாது. பின்னர் கையின் இடத்தைக் கருவி பிடித்துக்கொண்டது. கை சோரும், கருவி சோராது. ஆகவே, ‘எவ்வாறு காப்பது?’ என்ற வினாவுடன் ‘எப்போது நிறுத்துவது?’ என்ற வினாவும் எழலாயிற்று. அசாதாரண வழிகளால் உயிரை நீடிக்க வைத்தியருக்குக் கட்டாயக் கடமை இல்லை எனப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்கமருந்து வைத்தியர்களுக்கு 1957 இல் விடையளித்தமை, இவ்வினா எத்துணை விரைவில் உலகைத் தொட்டது என்பதைக் காட்டும்.

நாடகத்தின் நாயகன் கென் ஹரிசன் ஒரு சிற்பி. வாகன விபத்தொன்றில் கழுத்துக்குக் கீழே முற்றாகச் செயலிழந்த அவன் வைத்தியர்களின் திறமையாற் பிழைத்தான். ஆறு மாதங்களின் பின்னர், இனித் தேற்றம் இல்லை என்பதை உணர்ந்து, தன்னை வெளியேற விடுமாறு கோருகின்றான். வைத்தியசாலைப் பராமரிப்பின்றிச் சில நாள்களில் அவன் இறப்பது உறுதி. விசேட வைத்தியர் எமர்சன் இதற்கு உடன்பட மறுக்கின்றார். உயிரைக் காப்பதே தம் கடமையென நம்பும் அவருக்கு, இறக்க விரும்பும் நோயாளி உளநலம் குன்றியவனாகவே தோன்றுகின்றான். சாவதற்கு விரும்புவோன் மனம் பேதலித்தவன். மனம் பேதலித்தவனின் விருப்பத்தை ஏற்க முடியாது என்னும் இச்சுழல்வாதத்தை அம்பலப்படுத்துமிடத்து ஆசிரியரின் தருக்கத் திறன் நன்கு புலப்படுகின்றது.

இதனினும் வலிமை வாய்ந்தது அமைதிப்படுத்தும் மருந்து பற்றிய காட்சி. இளம் வைத்தியர் ஸ்கொற் தரும் மருந்தை ஹரிசன் மறுக்கின்றான். தன் நிலைகண்டு கலங்குபவர் வைத்தியரே. ஆகவே அம்மருந்து அவருக்கே தேவை என்பது அவன் வாதம். சிறிது நேரத்தில் எமர்சன் வந்து அதனை ஊசிமூலம் பலவந்தமாக ஏற்றிவிடுகின்றார். ஒரு சொட்டு மருந்தும் ஒருவனின் சம்மதமின்றி உடலிற் புகும்போது சிகிச்சை என்ற பெயரை இழந்து ஆதிக்கமாகி விடுவதை இக்காட்சி விரிவுரையின்றி உணர்த்துகின்றது. எனினும் ஆசிரியர் எமர்சனைக் கொடியவராகத் தீட்டவில்லை. நல்லெண்ணமே தவறிழைப்பதைக் காட்டியமையாலேதான் நாடகம் வெறும் பிரசாரமாகத் தாழவில்லை.

ஆயின் இவ்வெற்றிக்கு ஆசிரியர் கொடுத்த விலை ஒன்றுண்டு. ஹரிசன் தெளிந்த அறிவும் கூரிய நாவும் படைத்தவன். சட்டத்தரணியை அமர்த்தி, வைத்தியசாலைக் கட்டிலருகே நீதிபதியை வரவழைத்துத் தன் வழக்கைத் தானே பேசுபவன். தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ளோருட் பெரும்பாலார் இவ்வாறு பேசவல்லரோ? 1975 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் நினைவிழந்த கரன் ஆன் குயின்லன் என்னும் இளம்பெண்ணின் வழக்கு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. சுவாசக் கருவியை அகற்றுமாறு பெற்றோர் கேட்டனர், வைத்தியர் மறுத்தனர், 1976 இல் மாநில உயர்நீதிமன்றம் பெற்றோரின் பக்கம் நின்றது. கருவி அகற்றப்பட்ட பின்னரும் அவர் தாமாகவே சுவாசித்து 1985 வரை உயிர் வாழ்ந்தார். நோயாளியின் மௌனம், உறவினரின் ஊகம், வைத்தியரின் எதிர்வுகூறல் ஆகிய மூன்றும் எத்துணை உறுதியற்றவை என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. கிளார்க்கின் நாடகத்தில் இவ்வுறுதியின்மைக்கு இடமில்லை. பெற்றோரும் மணம் பேசிய பெண்ணும் மேடைக்கே வருவதில்லை. பேணுவோனாகிய நான்காம் கூறு நீக்கப்பட்ட பின்னரே ‘யாருடைய உயிர்?’ என்ற வினாவுக்கு ‘என்னுடையது’ என்னும் எளிய விடை கிடைக்கின்றது. நோயாளிக்குச் சொல்லுமுன் உறவினரை ஒருபுறம் அழைத்துப் பேசும் வழக்கமுள்ள நமது சூழலில் இவ்விடை முழுமையாகப் பொருந்தாது. உறவினரின் குரல் நோயாளியின் குரலை அறிவதற்கான வழியாக வேண்டுமேயன்றி, அதற்கு மாற்றீடாகிவிடலாகாது.

நாடகத்தின் சமூக நோக்கைத் தாங்கி நிற்பவன் வைத்தியசாலைச் சிற்றூழியனாகிய ஜோன். ஒருவனைக் காக்க இங்கு ஆயிரக்கணக்கிற் பணம் செலவாக, ஆபிரிக்காவில் மிகச் சிறிய செலவில் காக்கத்தக்க குழந்தைகள் சின்னமுத்தினால் மடிகின்றனரே என அவன் வியக்கின்றான். கற்றறிந்த வைத்தியரும் சட்டத்தரணிகளும் எழுப்பாத இவ்வினாவை உழைப்பாளி ஒருவன் எழுப்புதல் தற்செயலானதன்று. ஆயினும் அது ஓரத்திற் கேட்டு மறையும் குரலாகவே விடப்பட்டுள்ளது. கட்டில்கள் மட்டுப்பட்ட பிரிவிலே, ஒருவரை அனுமதிப்பது இன்னொருவரைக் காத்திருக்கச் செய்வதாகும். அவ்வேளை வைத்தியர் எடுக்கும் முடிவு ஓர் உடலைப் பற்றியது மட்டுமன்று. பங்கீட்டு நீதியைப் பற்றியதுமாகும். அரச வைத்தியசாலைகளில் இலவசமாகச் சிகிச்சை பெறும் உரிமையைப் போற்றும் நம்மனோர் இவ்வினாவை நாடகாசிரியரைப் போல ஓரத்தில் விட்டுவிட இயலாது. செல்வாக்கோ அறிமுகமோ அன்றித் தேவையும் தேறும் வாய்ப்புமே அளவுகோலாதல் வேண்டும். அவ்வளவுகோல் யாவரும் அறிய வகுக்கப்படுதலும் வேண்டும்.

நாடகத்தின் மிகச் சிறந்த பகுதி தீர்ப்பின் பின்னரே வருகின்றது. ஹரிசன் வெல்கின்றான். தோற்றுப்போன எமர்சன் அவனிடம் வந்து, வேறெங்கும் செல்லாது அங்கேயே தங்கலாம் என்றும், சிகிச்சை எதுவும் அளிக்கப்படமாட்டாது என்றும் கூறுகின்றார். அவன் மனம் மாறக்கூடும் என்ற நம்பிக்கை அவருள் இன்னும் இருக்கின்றது. அந்நம்பிக்கையை அவர் மறைக்கவில்லை. அதே வேளை அவன்மேல் அதனைத் திணிக்கவுமில்லை. நீதிபதி வழங்கியது விடுதலை. எமர்சன் வழங்குவது துணை. முன்னையதைச் சட்டத்தாற் பெறலாம். பின்னையதை எந்தச் சட்டத்தாலும் பெற இயலாது. சிகிச்சையை நிறுத்துவது வேறு, நோயாளியைக் கைவிடுவது வேறு என்பதை எமர்சன் உணரும் அக்கணத்திலேயே அவர் முழுமையான வைத்தியராகின்றார்.

தன்னுரிமையை ஹரிசனும், நீதியை ஜோனும், கைவிடாமையை இறுதிக் காட்சியின் எமர்சனும் நாடகத்திலே காட்டி நிற்கின்றனர். இம்மூன்றையும் இணைத்தே தீவிர சிகிச்சையின் அறம் அமையும். ஒன்றை மட்டும் பற்றிக்கொள்ளின் உரிமை தனிமையாகவும், நீதி வெறுங் கணக்காகவும், பரிவு ஆதிக்கமாகவும் திரிந்துவிடும். கிளார்க் இம்மூன்றையும் சமமாக வளர்க்கவில்லை. எனினும் மூன்றையும் ஒரே அறையினுள் வைத்துக் காட்டினார். நாளை வைத்தியராகப் போகும் மாணவரும், என்றோ ஒருநாள் அக்கதவுக்கு வெளியே காத்திருக்க நேரும் ஏனையோரும் இந்நாடகத்தைப் பயில வேண்டியதன் காரணம் இதுவே.