தானே விழும் புள்ளி

ஓசூரிலிருந்து பெங்களூரு போகும் பேருந்து ஜூஜூவாடியைத் தாண்டியதும் கடைப் பலகைகள் கன்னடத்துக்கு மாறிவிடும். அதுதான் அத்திபெலே. ஆனேக்கல் தாலுகாவின் இந்த எல்லை ஊரில் கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றும் ஒரே தெருவில் புழங்குகின்றன. தட்டச்சை நம்பிப் பிழைக்கிறவருக்கு இங்கே ஒரு மொழி போதாது. கன்னட விண்ணப்பமும் தமிழ்க் கல்யாணப் பத்திரிகையும் பதினொரு மாத வாடகை ஒப்பந்தமும் ஒரே விசைப்பலகையில்தான் பிறந்தாக வேண்டும்.

தட்டச்சுக் கையின் வேகம் விரலில் இல்லை. ஒரு வேலையை இரண்டாம் முறை செய்யாமல் இருப்பதில் இருக்கிறது.

ஊர்ப் பெயரையே தமிழ்99 விசைப்பலகை முறையில் அடித்துப் பார்க்கலாம்: அ, த, த, இ, ப, எ, ல, ஏ. எட்டே தட்டு. ‘த்’துக்கு யாரும் புள்ளி வைக்கவில்லை. ஒரே மெய் இரண்டு முறை விழுந்தால் முந்தியது தானே புள்ளி பெறும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்று இன எழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் அப்படியே. ‘பங்கு’க்கு நாலு தட்டுப் போதும். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அதனால் இரு கைகளும் மாறி மாறி உழைக்கின்றன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு இது. பள்ளியில் மெய்ம்மயக்கம் என்று மனப்பாடம் செய்த இலக்கணம், விசைக்கு அடியில் உட்கார்ந்து வேலை செய்கிறது!

எல்லை ஊருக்கென்றே அமைந்தது போன்ற ஒரு பொருத்தமும் உண்டு. தமிழ்99-இல் புள்ளி வைப்பது ‘எஃப்’ விசை. கே. பி. ராவ் வகுத்து, கர்நாடக அரசு ஏற்றுக்கொண்ட கன்னட விசைப்பலகையிலும் மெய்யின் அகரத்தை நீக்குவது அதே ‘எஃப்’தான். மொழி மாறினாலும் இடது ஆள்காட்டி விரலுக்குப் பழக்கம் மாறுவதில்லை.

வேர்டில் சிறு சிறு உத்திகள் பல. சொத்தின் நான்கெல்லை விவரம் எழுதும் பத்தியை ஒருமுறை ஆட்டோடெக்ஸ்ட்டில் சேர்த்துவிட்டால், சுருக்கப் பெயரை அடித்து எஃப்3 தட்டியதும் முழுப் பத்தியும் வந்து நிற்கும். ஷிஃப்ட்டும் எஃப்5-ம் சேர்ந்தால், கடைசியாகத் திருத்திய இடத்துக்கே திரும்பலாம். ‘லெ’ என்று பிசகினால் பேக்ஸ்பேஸ் கொம்பை மட்டும் எடுக்கும், ‘ல’ தப்பிக்கும். எழுத்துக்கு முன்னால் நின்று டெலீட் தட்டினால் மொத்தமும் போய்விடும்.

தேர்ந்த கையை அடையாளம் காட்டுவது பெயர் மாற்றும் இடம். பழைய ஒப்பந்தத்தில் ‘முருகன்’ என்று தேடி வேறு பெயரைப் போட்டால், ‘முருகனுக்கு’, ‘முருகனை’ இரண்டும் அப்படியே தங்கிவிடும். கணினிக்கு ‘ன்’ என்பது னகரமும் புள்ளியும். ‘னு’வில் அந்தப் புள்ளியே கிடையாது. வேற்றுமை உருபு ஏறியதும் பெயரின் வால் மாறுகிறது, தேடலுக்கு அகப்படுவதில்லை. பிறகு வரி வரியாக உட்கார்ந்து திருத்த வேண்டியதுதான்.

இதற்கு விடை பழைய பத்திர எழுத்தர்களின் நடையிலேயே இருக்கிறது. அவர்கள் ‘முருகனுக்கு’ என்று எழுதமாட்டார்கள். ‘முருகன் என்பவருக்கு’ என்பார்கள். உருபின் சுமையை ‘என்பவர்’ தாங்கிக்கொள்ள, பெயர் எந்த வாக்கியத்திலும் அலுங்காமல் நிற்கும். அழைப்பிதழ்களில் ‘அவர்கள்’ செய்வதும் இதே வேலை. இந்த நடையில் மாதிரிப் படிவம் ஒன்று தயாராக இருந்தால், கன்ட்ரோல் எச் ஒரே ஓட்டத்தில் பெயரை மாற்றிவிடும். நூறு பேருக்கு அழைப்புக் கடிதம் என்றால் மெயில் மெர்ஜ் பட்டியலைப் படித்துக்கொண்டே போகும். முருகன் இருந்த இடத்தில் லட்சுமி வரலாம், மஞ்சுநாத் வரலாம். ‘என்பவர்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்பதால், வினைமுற்றைக்கூடத் தொட வேண்டியதில்லை.